நான்கு சக்கரங்களும் ஒரு சாய்வுக் கோணமும்

ஆஸ்திரேலியாவில் குவாட் பைக் விற்கும் கடைக்குள் நுழைந்தால், புது வண்டி ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்குவதைப் பார்க்கலாம். அதில் ஒரு கோணம் அச்சிட்டிருக்கும். வண்டியைப் பக்கவாட்டில் எத்தனை டிகிரி சாய்த்தால் ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களும் தரையை விட்டுக் கிளம்பும் என்று சொல்லும் எண் அது. 2020 அக்டோபர் 11 முதல் அந்த அட்டை இல்லாமல் அங்கே புது குவாட் பைக்கை விற்கக் கூடாது.

கார் கடையிலோ பைக் கடையிலோ இப்படி ஓர் அட்டையை நாம் பார்த்ததில்லை. இரண்டு சக்கர வண்டிக்கு ஸ்டாண்டு போட வேண்டும். குவாட் பைக்குக்கு அதுகூடத் தேவையில்லை. நான்கு தடித்த சக்கரங்களில் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில், அது எப்போது கவிழும் என்று எழுதித் தொங்கவிடச் சொல்கிறது ஒரு நாட்டின் சட்டம்.

எந்த நிலத்திலும் ஓடும் வண்டி என்ற பொருளில் ஏ.டி.வி. என்றும், குவாட் பைக் என்றும் அழைக்கப்படும் இந்த வண்டியை வாங்க நினைப்பவர் குதிரைத்திறனையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன்பு, அந்த அட்டையில் உள்ள எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியின் வரலாறு, டயர், அச்சு, அதில் ஏறி உட்காரும் மனிதரின் எடை என எல்லாமே அந்த ஓர் எண்ணுக்குள் வந்துவிடுகின்றன.

பனிக்காலத்துக்காகப் பிறந்தது

கதை 1967இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடும். அந்த மாதங்களிலும் கடைக்காரர்கள் விற்பதற்கு ஏதாவது வேண்டும் என்று ஹோண்டாவின் அமெரிக்கக் கிளை ஜப்பானில் இருந்த பொறியாளர்களைக் கேட்டது. பொறுப்பு ஒசாமு டகேயுச்சி என்ற பொறியாளரிடம் வந்தது. அவர் இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை பல மாதிரிகளைச் செய்து பார்த்தார். பனியிலும் சேற்றிலும் சிறிய இன்ஜினால் இழுத்துக்கொண்டு போகக்கூடியது மூன்று சக்கர வண்டிதான் என்ற முடிவுக்கு வந்தார்.

பெரிய சிக்கல் டயரில் இருந்தது. சாதாரண டயர் பனியிலும் மணலிலும் புதைந்தது. வட அமெரிக்காவில் அப்போது, நீரிலும் நிலத்திலும் ஓடும் ஆறு சக்கர வண்டிகள் சில இருந்தன. அவற்றில் பலூன் போல உப்பிய, மிகக் குறைந்த காற்றழுத்தம் கொண்ட டயர்கள் மாட்டியிருந்தார்கள். அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, 22 அங்குல உயரத்தில் குண்டான டயர்களை ஹோண்டா உருவாக்கியது. 1970இல் யுஎஸ்90 என்ற பெயரில் வண்டி விற்பனைக்கு வந்தது. பிறகு அதன் பெயர் ஏடிசி90 ஆனது. 89 சிசி இன்ஜின், ஏழு குதிரைத்திறன், விலை 595 டாலர். அதில் ஸ்பிரிங்கும் கிடையாது, ஷாக் அப்சார்பரும் கிடையாது. மேடு பள்ளத்தின் அதிர்ச்சி முழுவதையும் டயருக்குள் இருந்த காற்றே தாங்கிக்கொண்டது.

இன்றைய ஏ.டி.வி.யில் என்னென்னவோ மாறியிருக்கிறது. மாறாதது அந்த டயர். 10 பி.எஸ்.ஐ.க்கு மேற்படாத காற்றழுத்த டயர், இருபுறமும் கால் போட்டு உட்காரும் இருக்கை, கைப்பிடியால் திருப்புவது: அமெரிக்கத் தர விதிகள் ஏ.டி.வி.க்குச் சொல்லும் இலக்கணத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன.

பாதம் பதிவது போல

பெட்ரோல் பங்கில் பைக்குக்குக் காற்று பிடிக்கும்போது “முன்னாடி 25, பின்னாடி 30” என்கிறோம். காருக்கு 32, 33. ஏ.டி.வி. டயருக்கு ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. போதும். இந்தச் சின்ன எண்ணில்தான் அந்த வண்டியின் மாயம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். வண்டி 300 கிலோ, ஓட்டுபவர் 80 கிலோ, மொத்தம் 380 கிலோ. டயரின் பக்கச் சுவர் மிருதுவாக இருந்தால், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு அழுத்தத்தைத்தான் டயர் தரைக்குக் கொடுக்கும். 5 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 350 கிராம். 380 கிலோவையும் அந்த அழுத்தத்தில் தாங்க வேண்டுமானால் சுமார் 1,080 சதுர சென்டிமீட்டர் தரையில் பதிய வேண்டும். நான்கு டயருக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 270. ஓர் ஏ4 தாளில் பாதிக்குச் சற்றுக் குறைவு. டயர் தானாகவே நசுங்கி அந்த அளவுக்குப் பரந்துகொள்கிறது.

இப்போது நம்மையே எடுத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறார். பாதத்தின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் என்றால், தரைக்கு அவர் தரும் அழுத்தமும் அதே 350 கிராம்தான். மூன்று குவிண்டால் இரும்பு, வெறுங்காலில் நடக்கும் மனிதர் அளவுக்கே மண்ணை அழுத்துகிறது! கார் டயரோ அதைப் போல ஆறு மடங்கு அழுத்துகிறது. கடற்கரை மணலில் காரை இறக்கியவர் மாட்டிக்கொள்வதும், அதே மணலில் ஏ.டி.வி. மிதப்பது போல ஓடுவதும் இதனால்தான்.

வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கார் டயரில் ஒரு பி.எஸ்.ஐ. கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியாது. ஐந்தில் ஒன்று என்பது இருபது சதவீதம். இடது டயரில் நான்கும் வலது டயரில் ஆறும் இருந்தால், சமதரையிலேயே வண்டி ஒரு பக்கம் சரிந்து நிற்கும். திரும்பும்போது ஒரு பக்கம் இழுக்கும். பஞ்சர் கடையில் இருக்கும் சாதாரண மானியால் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாக அளக்க முடியாது. வண்டியோடு குறைந்த அழுத்தத்துக்கான தனி மானி தருகிறார்களா என்று கேளுங்கள். தராவிட்டால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

முக்காலி சொல்லும் பாடம்

மூன்று சக்கர வண்டி என்ன ஆயிற்று? முக்காலியைப் பாருங்கள். தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் முக்காலி ஆடாது. மூன்று கால்களும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாற்காலிதான் ஆடும், ஒரு காலுக்கு அட்டை மடித்து வைக்க வேண்டும். ஆனால் முக்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அதன் இன்னொரு குணம் தெரியும். சட்டென்று கவிழ்த்துவிடும்.

காரணம் வடிவியல். தரையைத் தொடும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் கிடைக்கும் உருவத்துக்குள் எடையின் மையம் இருக்கும்வரை ஒரு பொருள் நிற்கும். நான்கு சக்கரத்துக்கு அந்த உருவம் செவ்வகம். மூன்று சக்கரத்துக்கு முன்னால் குறுகிப் போகும் முக்கோணம். எடையின் மையம் பின் அச்சிலிருந்து நடுவழிக்குச் சற்று முன்னதாக இருந்தால்கூட, அந்த இடத்தில் முக்கோணத்தின் அகலம் செவ்வகத்தில் அறுபது சதவீதம்தான் இருக்கும். திருப்பத்தில் பிரேக் பிடித்தால் எடை முன்னால் பாய்கிறது. முக்கோணம் எங்கே மிகக் குறுகலோ அங்கேயே போய் நிற்கிறது.

விபத்துகள் பெருகின. 1982இல் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர குவாட்ரன்னரைக் கொண்டுவந்தது. 1988இல் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் உற்பத்தியாளர்களுக்கும் நீதிமன்றம் வழியாக ஏற்பட்ட உடன்பாட்டோடு மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. 2008இல் வந்த சட்டம், புதிய மூன்று சக்கர ஏ.டி.வி.களை அங்கே இறக்குமதி செய்யவும் விற்கவும் முடியாதபடி செய்தது. பழைய வண்டி எங்காவது மலிவாகக் கிடைத்தாலும் ஆசைப்பட வேண்டாம்.

மாட்டு வண்டிக்குத் தெரிந்த வித்தை

நான்காவது சக்கரம் வந்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அடுத்தது அச்சு.

மாட்டு வண்டியில் அச்சு சுழலாது. சக்கரம் மட்டும் அச்சைச் சுற்றிச் சுழலும்; கழன்றுவிடாமல் கடையாணி பிடித்துக்கொள்ளும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே எந்தக் கட்டாயமும் இல்லை. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் வேகமாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் உருளும். கார்களில் இதே வேலையை டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு செய்கிறது.

பல ஏ.டி.வி.களின் பின்னச்சு இதற்கு நேர்மாறானது. ஒரே இரும்புத் தண்டு, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் இறுகப் பூட்டப்பட்டிருக்கும். ஒன்று எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ, மற்றதும் அத்தனையே சுற்றியாக வேண்டும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும். அதற்காகத்தான் இப்படி ஓர் அமைப்பு.

ஆனால் திரும்பும்போது? இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 5.65 மீட்டர் அதிகமாக ஓட வேண்டும். வட்டம் சிறிதா பெரிதா என்பது இதில் பொருட்டே இல்லை. கிணற்றடியைச் சுற்றி வந்தாலும் ஊரையே சுற்றி வந்தாலும் வித்தியாசம் அதே 5.65 மீட்டர்தான். ஒரு செங்கோணத் திருப்பத்துக்கு அதில் கால்வாசி, 1.4 மீட்டர். இறுகப் பூட்டிய அச்சில் இந்த 1.4 மீட்டரை ஏதாவது ஒரு டயர் தேய்த்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். மண்ணிலும் புல்லிலும் டயர் எளிதாக வழுக்கிக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்காது. வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும், அல்லது டயர் திடீரெனத் தரையைக் கவ்வி வண்டியைத் தூக்கும். “தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள்” என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பது இதனால்தான். எங்கும் போகும் என்று பெயர் வாங்கிய வண்டிக்கு நல்ல சாலைதான் ஆகாது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பின்னச்சு எப்போதும் பூட்டியே இருக்குமா, வேண்டும்போது விடுவித்துக்கொள்ள ஏதாவது வசதி இருக்கிறதா? சில வண்டிகளில் அதற்குத் தனிப் பொத்தான் உண்டு. தோட்டத்துப் புல்லிலும் கெட்டித் தரையிலும் அடிக்கடி திருப்ப வேண்டியவருக்கு அது பெரிய உதவி.

28.81 டிகிரி

இப்போது அட்டைக்கு வருவோம். ஒரு வண்டி பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்தால் கவிழும் என்பதை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன. ஒன்று, சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதி. இன்னொன்று, எடையின் மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். எண் பெரிதாக இருந்தால் வண்டி உறுதி. கார்களுக்கு அது 1.3க்கு மேல் இருக்கும். 50 டிகிரிக்கு மேல் சாய்த்தால்தான் கவிழும்.

நம் ஏ.டி.வி.யின் பாதி அகலம் 45 சென்டிமீட்டர். ஆள் இல்லாதபோது எடையின் மையம் 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். விடை 0.9, கோணம் 42 டிகிரி. 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி உட்காருகிறார். அவருடைய எடையின் மையம் தரையிலிருந்து 110 சென்டிமீட்டரில் இருக்கிறது. இருவருக்கும் சேர்த்து மையம் 63 சென்டிமீட்டருக்கு உயர்ந்துவிடும். விடை 0.72, கோணம் 36 டிகிரி. ஏறி உட்கார்ந்த அந்த நொடியிலேயே ஆறு டிகிரி போய்விட்டது. சாயும்போது தாழ்வான பக்கத்து டயரும் ஸ்பிரிங்கும் நசுங்குவதால் இன்னும் சில டிகிரி போகும்.

ஆஸ்திரேலியச் சட்டம் வைத்திருக்கும் கீழ் எல்லை 0.55. கோணமாகச் சொன்னால் 28.81 டிகிரி. முன்னும் பின்னும் கவிழ்வதற்கு எல்லை 0.8, அதாவது 38.65 டிகிரி. பண்ணை வேலை போன்ற பொது உபயோகத்துக்கான குவாட் பைக் இந்த எல்லைகளுக்குக் கீழே வந்தால் 2021 அக்டோபர் 11க்குப் பிறகு அங்கே விற்க முடியாது.

28 டிகிரி சரிவில் யார் ஓட்டப் போகிறார்கள் என்று தோன்றலாம். அந்த எண் மட்டமான மேசையில், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது கிடைத்தது. நிலத்தில் கல் உண்டு, குழி உண்டு, வேகம் உண்டு. 20 டிகிரி சரிவில் குறுக்காகப் போகிறீர்கள். மேல்பக்கச் சக்கரங்கள் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு வரப்பில் ஏறுகின்றன. அது மட்டுமே ஒன்பதரை டிகிரியைக் கூட்டிவிடும். இருபதும் ஒன்பதரையும் இருபத்தொன்பதரை. எல்லை தாண்டியாயிற்று.

சரிவே இல்லாத சமதரையிலும் இதே கணக்கு வேறு முகம் காட்டும். ஐந்து மீட்டர் ஆரத்தில் திரும்புகிறீர்கள், டயர் நன்றாகத் தரையைப் பற்றியிருக்கிறது. 0.55 எண் கொண்ட வண்டியைக் கவிழ்க்க மணிக்கு 19 கிலோமீட்டர் வேகம் போதும். ஒரு பள்ளிக்கூடப் பையன் சைக்கிளில் எட்டும் வேகம் அது.

பின்தட்டில் மருந்து டேங்க் கட்டினால் மையம் இன்னும் உயரும். டேங்க் பாதி காலியாக இருந்தால் நிலைமை மேலும் மோசம். சரிவில் திரவம் தாழ்வான பக்கம் ஓடிச் சேரும். கவிழ்க்கும் விசைக்கு அதுவும் துணை போகும். முன்தட்டு, பின்தட்டு, இழுவை மூன்றுக்கும் தயாரிப்பாளர் தனித்தனி எடை வரம்பு கொடுத்திருப்பார். உங்கள் டேங்க் நிரம்பினால் எத்தனை கிலோ என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஓட்டுபவரும் ஒரு பாகம்

காரில் ஓட்டுநர் பயணி. ஏ.டி.வி.யில் அவர் இயந்திரத்தின் ஒரு பாகம். 380 கிலோவில் 80 கிலோ என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதுவும் இடம் மாற்றிக்கொள்ளக்கூடிய பங்கு. திருப்பத்தில் அவர் உடலை 30 சென்டிமீட்டர் உட்பக்கம் நகர்த்தினால் மொத்த எடையின் மையம் 6 சென்டிமீட்டர் நகரும். கவிழும் எல்லை 28.81 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 32 டிகிரிக்குப் போகும். ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னால் சரிய வேண்டும், குறுக்குச் சரிவில் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். கவிழாமல் காக்கும் வேலையில் பாதி ஓட்டுபவரின் இடுப்பில் இருக்கிறது.

வண்டியின் அமைப்பே இதைச் சொல்லும். இருக்கை நீளமாக இருப்பதைப் பார்த்து, பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறோம். அந்த நீளம் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்கு விட்ட இடம். அங்கே ஒருவர் உட்கார்ந்தால் அவருடைய எடை உயரத்தில் சேர்கிறது, ஓட்டுபவர் நகரவும் வழியில்லை. ஆக்ஸிலேட்டரும் அப்படித்தான். பைக்கில் போல முறுக்குவது இல்லை. கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சிறு நெம்புகோல். உடல் பின்னால் சரியும்போது முறுக்கும் கைப்பிடி தானாகத் திரும்பிவிடும். கட்டைவிரல் நெம்புகோலை விட்டால் போதும், வேகம் தணிந்துவிடும்.

ஆகவே வாங்கும் முன்பு ஏறி உட்கார்ந்து பாருங்கள். கைப்பிடியை முழுதாக ஒரு பக்கம் திருப்பினாலும் எதிர்க்கை எட்டுகிறதா? எழுந்து நின்றால் இருக்கைக்கும் உடலுக்கும் இடைவெளி கிடைக்கிறதா? உடலை இருபுறமும் தாராளமாகச் சாய்க்க முடிகிறதா? இவை வசதிக்கான கேள்விகள் என்று தோன்றலாம். ஒவ்வொன்றும் கவிழும் கோணத்தைப் பற்றிய கேள்வி.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கணக்குக்கு இரக்கமே கிடையாது. 30 கிலோ எடையுள்ள சிறுவன் எவ்வளவு சாய்ந்தாலும் 300 கிலோ வண்டியின் மையம் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் அதிகம். அவனுக்கு எவ்வளவு துணிச்சல் இருந்தாலும், எவ்வளவு நன்றாக ஓட்டத் தெரிந்தாலும், இயந்திரத்தின் ஒரு பாகமாக இருக்க அவன் உடலால் முடியாது. 90 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் 16 வயது நிரம்பியவர்களுக்கே என்று அமெரிக்காவில் 1988 உடன்பாடு சொன்னதும், பெரியவர்களுக்கான வண்டிகளில் இன்றும் அந்த 16 வயது எச்சரிக்கை ஒட்டியிருப்பதும் இந்த இயற்பியலின்படிதான். சுற்றுலாத் தலங்களில் பெரிய வண்டியில் குழந்தைகளை உட்காரவைத்து ஒரு சுற்று அனுப்பும் பெற்றோர் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கூட்டரின் பெல்ட்

இன்ஜின் பற்றி நிறையப் பேசுவார்கள். பண்ணை வேலைக்கு 400, 500 சிசி தாராளம். சேறும் செங்குத்தான ஏற்றமும் இருக்கும் இடத்துக்கு நான்கு சக்கர இழுவை வேண்டும். ஹோண்டா 1986இல் அதை ஏ.டி.வி.க்குக் கொண்டுவந்தது. வறண்ட சமநிலத்தில் இரு சக்கர இழுவையே போதும். எடையும் செலவும் மிச்சம். நம் வெயிலில் மெதுவாக ஊர்ந்து வேலை செய்யும் வண்டியின் மேல் காற்று வீசாது. ஆகவே ரேடியேட்டரும் மின்விசிறியும் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது கியர். 1985இல் அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனம் கியர் மாற்றத் தேவையில்லாத ஏ.டி.வி.யைக் கொண்டுவந்தது. அதில் இருப்பது நம் வீட்டு ஸ்கூட்டரில் இருக்கும் அதே ஏற்பாடு. இரண்டு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் முன்கப்பியின் இரு பாதிகளும் நெருங்கி பெல்ட்டை மேலே தள்ளும். ஓசைப்படாமல் கியர் மாறிவிடும். அதே காரணத்தால் ஒரு குறையும் வருகிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜின் வேகம் தணியும், கப்பி விலகும், பெல்ட் தளரும், வண்டி கட்டின்றி உருளத் தொடங்கும். மலைச்சரிவில் அந்த நேரத்தில் பிரேக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டும்.

இதைத் தடுக்கப் பல வண்டிகளில் பெல்ட் தளராமல் பிடித்து, இன்ஜினே வேகத்தைத் தடுக்கும்படி ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். “இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜின் பிடிக்குமா?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு சிறு சரிவில் தாழ்ந்த கியரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு வளையம்

ஆஸ்திரேலியாவில் இந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் குவாட் பைக் விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் இறந்தார்கள். பலர் பண்ணையில், தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது. அவர்களில் கணிசமானோர் எலும்பு நொறுங்கி இறக்கவில்லை. கவிழ்ந்த வண்டி நெஞ்சின்மேல் கிடக்க, மார்புக்கூடு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டி இறந்தார்கள். எடுத்துவிட ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள். இந்த விவரத்தைப் படித்த நாளிலிருந்து என்னால் ஏ.டி.வி.யை விளையாட்டுப் பொருளாகப் பார்க்க முடியவில்லை.

இருக்கைக்குப் பின்னால் வளையம் போல ஓர் இரும்புச் சட்டம் பொருத்தினால், வண்டி கவிழ்ந்தாலும் தரைக்கும் வண்டிக்கும் இடையே கொஞ்சம் இடம் கிடைக்கும். மனிதர் மூச்சுவிட அந்த இடம் போதும். 2021 அக்டோபர் முதல் பொது உபயோக குவாட் பைக்குகளுக்கு அங்கே இதையும் கட்டாயமாக்கினார்கள். சில பெரிய தயாரிப்பாளர்கள் இதை ஏற்காமல் அந்தச் சந்தையை விட்டே விலகினார்கள். அவர்களுடைய வாதம் தலைக்கவசமும் பயிற்சியுமே முதலில் வேண்டும் என்பது. தலைக்கவசம் கட்டாயம் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் தலைக்கவசம் நெஞ்சின்மேல் கிடக்கும் பாரத்தைத் தூக்காது. நீங்கள் வாங்கும் ஊரில் சட்டம் இல்லாவிட்டாலும் இந்த இரும்பு வளையத்தைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தேவை இருவர் போவதும் சுமை ஏற்றுவதும் என்றால், பக்கம் பக்கமாக உட்காரும் வகையைப் பாருங்கள். ஸ்டீயரிங், இருக்கை பெல்ட், மேலே இரும்புக் கூண்டு எல்லாம் அதில் உண்டு. அகலமும் விலையும் கூடுதல். பெல்ட் போட்டால்தான் அந்தக் கூண்டுக்குப் பயன்.

பழைய வண்டி என்றால்

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதாக ஸ்டார்ட் ஆகாமல் இருக்கலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கும் உள்ளே இருக்கும் குழாயில் விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் மணல் ஒட்டினால் அது இன்ஜினுக்குள்ளும் போயிருக்கும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை இரு கையாலும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ இணைப்புகளோ தேய்ந்திருக்கின்றன. அச்சு முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் சேறு உள்ளே போய் மூட்டை அரைத்திருக்கும். கடைசியாகக் குனிந்து அடிச்சட்டத்தில் விரிசலோ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடி கோணலாகவும் தட்டுகள் ஒரு பக்கம் மட்டும் உரசியும் இருந்தால், அந்த வண்டி ஏற்கெனவே ஒருமுறை தன் கோணத்தைத் தாண்டியிருக்கிறது.

இந்தியாவில் வாங்குபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே விற்கப்படும் ஏ.டி.வி.களில் பெரும்பாலானவை சாலைக்குப் பதிவாகாதவை. சொந்த நிலத்துக்குள்தான் ஓட்டலாம். போலாரிஸின் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியில் ஒரு வகை டிராக்டராகச் சான்று பெற்று வந்திருக்கிறது. எந்த வண்டியானாலும் பதிவுக்கு உரிய தாள்களைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பலகையும் செல்பேசியும்

நம் ஊர்க் கடைகளில் அந்த அட்டை தொங்காது. ஆனால் அது கேட்கும் கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள முடியும். வாங்கும் முன்பு ஒரு நாள், ஒரு மீட்டர் நீளப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் நிலத்துக்குப் போங்கள். நீங்கள் ஓட்டப்போகும் சரிவில், குறுக்காகப் போகவேண்டிய இடத்தில், சரிவு இறங்கும் திசையிலேயே பலகையைத் தரையோடு வையுங்கள். அதன்மேல் செல்பேசியை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்தால் சாய்வு டிகிரியில் தெரியும். அங்கே கிடக்கும் கல்லின் உயரம், வரப்பின் உயரம், வாய்க்காலின் ஆழம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போனதும் அந்தத் தாளை மேசையில் வைத்து, இந்த இடத்தில் இந்த வண்டி எந்தக் கோணத்தில் கவிழும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அளவுநாடாவால் சக்கர அகலத்தை அளந்துகொண்டு வாருங்கள். எடை மையத்தின் உயரத்தைக் கடையில் நின்று அளக்க வழியில்லை. அதைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அவரும் சொல்லாவிட்டால் 28 டிகிரி என்றே வைத்துக்கொண்டு, உங்கள் தாளில் உள்ள சரிவுகளில் எவற்றில் ஓட்டக் கூடாது என்று அன்றைக்கே சிவப்பு மையால் அடித்துவிடுங்கள்.